தூரப்பார்வைக்கு மலாயில் என்ன பெயர்?

1

என் இரண்டு கண்களுக்குள்ளும் பிளாஸ்டிக் இருக்கிறது. வலது கண்ணில் வைத்து இந்த வாரத்தோடு ஒரு வருஷம். இடது கண்ணுக்குப் பத்து மாதம். இதை ஊருக்கு எழுதியது நான் செய்த பெரிய தப்பு. துறையூரிலிருந்து என் மாமன் மகன் பதில் போட்டிருக்கிறான்: 'மச்சான், வெளிநாட்டில் கண்ணைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டுகிறார்களாமே, உண்மையா? உங்கள் பழைய கண்ணாடி இனி சும்மாதானே கிடக்கும். அனுப்பி வைத்தால் அம்மாவுக்கு ஆகும்.'

அம்மாவின் கண்ணுக்கு என்ன கோளாறு, என் கண்ணாடி என்ன பவர், இதெல்லாம் அவனுக்குத் தேவையில்லை. வெளிநாட்டுக் கண்ணாடி என்றால் எல்லாக் கண்ணுக்கும் பொருந்தும். முப்பது வருஷமாக இவனுக்கு டார்ச் லைட்டும் குடையும் தைலமும் அனுப்பிய புத்திக்கு இது வேண்டியதுதான்.

வெளிநாடு என்றதும் உங்களில் பலருக்கு மேகத்தைத் தொடும் கட்டடம் தோன்றும். என் வெளிநாட்டைச் சொல்கிறேன், கேளுங்கள். ஈப்போவில் புந்தோங் என்கிற இடத்தில் பலகை வீடு. காலையில் பஸ் பிடித்துக் கோப்பெங்கில் இறங்கி, அங்கே கடையோரம் பூட்டி வைத்திருக்கும் சைக்கிளில் செம்மண் சாலையில் மிதித்தால் என் பள்ளிக்கூடம். ரப்பர்த் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி. ரப்பரை வெட்டிச் சாய்த்து, எண்ணெய் எடுக்கிற செம்பனை நட்டுவிட்டார்கள். தோட்டத்தையும் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தை மட்டும் வாங்க ஆள் வரவில்லை. அதில் இரண்டு வாத்தியார்கள், நாற்பதுக்குக் கொஞ்சம் மேலே பிள்ளைகள். அந்த இரண்டு பேரில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவன் நான்.

2

எனக்குப் பிறவியிலேயே தூரப்பார்வை. லேசாக அல்ல, கடுமையாக. கிட்டே எதுவும் தெரியாது. வயசு ஏற ஏறத் தூரத்தில் இருப்பதும் கண்ணாடி இல்லாமல் தெரியாது என்று ஆகிவிட்டது. இந்தக் கோளாறுக்குப் போடும் கண்ணாடி நடுவில் தடித்துப் புடைத்திருக்கும். எதிரே நிற்பவருக்கு நம் கண் இரண்டு மடங்காகத் தெரியும். தோட்டத்துப் பிள்ளைகள் எனக்கு வைத்த பெயர் ஆந்தை சார். நேராகச் சொல்ல மாட்டார்கள். நான் வகுப்புக்குள் நுழையும்போது பின் வரிசையில் ஒருத்தன் அலறுவான், அவ்வளவுதான்.

ஐம்பது தாண்டியதும் அந்தக் கண்ணாடியும் கைவிட்டது. கண்ணுக்குள் இருக்கும் வில்லையில் புரை கட்டத் தொடங்கியிருந்தது. அச்செழுத்து எறும்புக் கூட்டமாக நகர்ந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கட்டுரை நோட்டைத் திருத்த வேண்டுமென்றால், 'எழுந்து நின்று வாசி, உச்சரிப்பைப் பார்க்கிறேன்' என்று சொல்லிவிடுவேன். காதால் கேட்டு மார்க் போட்டேன். பாடங்கள் எல்லாம் எனக்கு மனப்பாடம். ஒரு வருஷம் இப்படியே ஓட்டினேன்.

பிறகு பள்ளிகளைப் பார்வையிடும் இன்ஸ்பெக்டர் வந்தார். தமிழர்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், இஸ்திரி மடிப்பில் கை வெட்டிக்கொள்ளும். புத்தகத்தைத் திறந்து என் கையில் கொடுத்து, "வாசிச்சுக் காட்டுங்க சார், பிள்ளைங்க கேக்கட்டும்" என்றார். நான் ஏழாம் பாடத்தைக் கணீரென்று வாசித்தேன். நிறுத்தி, ஏற்றி, இறக்கி, ஒரு எழுத்து பிசகாமல் வாசித்தேன். முடித்து நிமிர்ந்தேன்.

இன்ஸ்பெக்டர் என் கையிலிருந்து புத்தகத்தை வாங்கினார். "நான் திறந்து குடுத்தது பன்னிரண்டாம் பாடம் சார்" என்றார்.

மூன்று வாரத்தில் கல்வி இலாகாவிலிருந்து கடிதம் வந்தது. இந்தப் பள்ளி ஆண்டு முடிவதற்குள் பார்வையைச் சரி செய்துகொண்டு சான்றிதழ் தர வேண்டும். இல்லையென்றால் மருத்துவக் காரணத்தால் வேலையிலிருந்து ஓய்வு. வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்கு நடுவே வாசிக்க முடியாத வாத்தியார் எதற்கு என்று அவர்கள் எழுதவில்லை. அதை நானே எழுதிக்கொண்டேன்.

3

கண் டாக்டர் ஒரு சீனப் பெண்மணி. சின்ன உருவம், பேச்சில் சுற்றி வளைப்பு கிடையாது. கை முஷ்டியை மடக்கி என் முகத்துக்கு நேரே நீட்டி, "சிக்கு, உங்க கண் குட்டை. முன்னாலிருந்து பின்னால் வரை நீளம் போதாது. பிறக்கும்போதே அப்படி" என்றார் மலாயில். இங்கே வாத்தியாரைச் சிக்கு என்பார்கள். புரை விழுந்த வில்லையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் பலமான பிளாஸ்டிக் வில்லையை வைத்துத் தைத்தால் புரையும் போகும், குட்டைக் கண்ணின் குறையும் ஏறக்குறையப் போகும். படிப்பதற்கு மட்டும் மெல்லிய கண்ணாடி போதும். புதிய முறை, எல்லாருக்கும் இன்னும் செய்வதில்லை. என் குட்டைக் கண்ணுக்கு வேண்டிய பவரில் வில்லை இங்கே அலமாரியில் இருக்காது. கடல் தாண்டி வரவழைக்க வேண்டும், அதற்கு என் இலாகா ஒப்புதல் தர வேண்டும். டாக்டர் ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்து, "இத்துடன் ஃபாரம் நிரப்பி அனுப்புங்க" என்றார்.

ஃபாரம். இந்த நாட்டில் அதற்கு போராங் என்று பெயர். என் வாழ்க்கையை நான் போராங்கில்தான் கழித்திருக்கிறேன். கப்பலிலிருந்து இறங்கியபோது ஒன்று. எழுபதுகளின் தொடக்கத்தில், சிவப்பு அடையாள அட்டையை நீல அட்டையாக மாற்றிக் குடியுரிமை வாங்க அலைந்தபோது ஒரு கட்டு. அதற்கு மலாய் பேசிக் காட்ட வேண்டும். என் மலாய் கோப்பெங் சந்தையில் மீன் வாங்கிக் கற்றது. அதிகாரி ஏதோ கேட்டார், நான் ஏதோ சொன்னேன், அவர் சிரித்துவிட்டு முத்திரை குத்தினார். அன்றிலிருந்து எனக்கு மலாய் வரும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

இந்தப் போராங்கை நானே பூதக்கண்ணாடி வைத்து நிரப்பினேன். நடுவில் ஒரு கேள்வி: என்ன வகைப் பார்வைக் கோளாறு? எனக்கா தெரியாது! மலாயில் ஜாவ் என்றால் தூரம், டெக்கட் என்றால் கிட்டே. கண்ணாடிக் கடைப் பலகையில் ரபூன் ஜாவ், ரபூன் டெக்கட் என்று எழுதியிருப்பதை எத்தனை தடவை கடந்து போயிருக்கிறேன். எனக்குத் தூரப்பார்வை. ஆகவே ரபூன் ஜாவ். பெரிய எழுத்தில் எழுதி, கீழே கோடும் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்துத் திரும்பி வந்தது. 'டாக்டரின் கடிதமும் விண்ணப்பமும் ஒத்துப்போகவில்லை.' எதில் ஒத்துப்போகவில்லை என்று எழுதக் கை வரவில்லை அவர்களுக்கு. மறுபடி நிரப்பினேன், அதே ரபூன் ஜாவ், இந்தத் தடவை இரண்டு கோடு. மறுபடி திரும்பியது. பள்ளி ஆண்டு முடிய நாலு மாதம்தான் பாக்கி.

நேரே இலாகாவின் ஈப்போ அலுவலகத்துக்கே போய்விட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் தலையில் முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண். என் மகள் வயசிருக்கும். என் தாள்களைப் புரட்டினாள், என் தடித்த கண்ணாடியைப் பார்த்தாள், மறுபடி புரட்டினாள்.

"சிக்கு, உங்களுக்கு ரபூன் ஜாவா, ரபூன் டெக்கட்டா?"

"ஜாவ்! ஜாவ்!" கையைத் தெருப்பக்கம் நீட்டிக் காட்டினேன்.

"அந்தச் சுவரில் கடிகாரம் தெரியுதா, சிக்கு?"

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்தேன். "பத்தேகால்."

"அப்போ ரபூன் ஜாவ் இல்லையே?"

"தெரியறதாலதான் ஜாவ்!" என்று மேசையைத் தட்டினேன். அலுவலகம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் இழுப்பறையிலிருந்து ஒரு புதுப் போராங்கை எடுத்து என் முன்னால் வைத்தாள். தூரம் தெரிகிறவனுக்குத் தூரப்பார்வை என்பதுகூட விளங்காத கழுதைகளை உட்கார்த்தி வைத்து ஒரு அரசாங்கம் நடக்கிறது என்று பஸ் முழுக்கப் பேசிக்கொண்டே வீட்டுக்கு வந்தேன்.

4

என் மகள் பெயர் சாரதா. அவளுடைய தோழிகளுக்கு அவள் சாரா. தமிழாசிரியன் பெற்ற ஒரே பெண், இடைநிலைப் பள்ளியில் எல்லாவற்றையும் மலாயில் படித்து, மலாயில் கனவு கண்டு, மலாயில் திட்டிக்கொள்கிறவள். தமிழ் பேசினாலும் இந்த ஊர் வழக்கப்படி வாலில் ஒரு 'லா' ஒட்டும். தமிழில் அவளுக்கு ஒரே ஒரு ல, ஒரே ஒரு ர. மற்றவையெல்லாம் வாத்தியார்கள் பொழுதுபோகாமல் செய்து வைத்தவை என்பது அவள் கட்சி.

அவளுக்குப் பன்னிரண்டு வயசிருக்கும்போது என் பிறந்தநாளுக்கு ஒரு வாழ்த்து எழுதிக் கொடுத்தாள். அப்போது கண்ணாடி போட்டால் எனக்கு எழுத்து தெரியும். ஆறு வரியில் ஐந்து பிழை. சிவப்பு மையில் திருத்தி, பள்ளிக்கூடத்து நோட்டுகளில் எழுதுகிற மாதிரியே கீழே 'இன்னும் முயற்சி தேவை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவள் வாங்கிப் பார்த்துவிட்டு மடித்து வைத்தாள். அதன்பின் அவள் எனக்குத் தமிழில் ஒரு வரி எழுதியதில்லை. பெருமையாகத்தான் இருந்தது எனக்கு. கண்டிப்பான அப்பன் என்று நாலு பேரிடம் சொல்லிக்கொண்டும் இருந்தேன்.

மூன்றாவது போராங் வந்த நேரத்தில் பூதக்கண்ணாடிக்கும் என் கண் மசியவில்லை. வேறு வழியில்லாமல் சாரதாவை உட்கார வைத்தேன். பரீட்சை எழுதிவிட்டு வீட்டில் இருந்தாள். நான் சொல்லச் சொல்ல அவள் எழுதினாள், பெயர், அட்டை எண், பள்ளி, சேர்ந்த தேதி. அந்தக் கேள்வி வந்தது.

"ரபூன் ஜாவ்" என்றேன்.

பேனா நின்றது. "அப்பா, உங்களுக்கு ரபூன் டெக்கட் லா."

"எழுதுன்னா எழுது."

"இல்லப்பா, ரபூன்னா வந்து..."

"உனக்குத் தமிழே தடுமாறுது. நீ எனக்கு மலாய் சொல்லிக் குடுக்கிறியா? நீ பொறக்கறதுக்கு முன்னாலருந்து நான் இந்த நாட்டுல மலாய் பேசிக்கிட்டு இருக்கேன்!"

அடுப்படியிலிருந்து என் மனைவி பாக்கியம் எட்டிப் பார்த்தாள். தோட்டத்திலேயே பிறந்து, பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ரப்பர்ப் பால் வெட்டப் போனவள். "ஏங்க, படிச்ச புள்ள சொல்லுது. செத்த காது குடுத்துத்தான் கேளுங்களேன்."

"நீ பால் வெட்டுன மரத்துக்குப் போய்ச் சொல்லு" என்றேன். இதை இப்போது எழுதக் கூசுகிறது. அன்றைக்குக் கூசவில்லை.

சாரதா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு பேனா ஓடும் சத்தம் கேட்டது. "எழுதிட்டேன்" என்றாள். மீதியையும் முடித்துவிட்டு, என் விரலைப் பிடித்துக் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் வைத்தாள். போட்டேன். கார்பன் பிரதியை மடித்து என் ஃபைலில் செருகினாள்.

மூன்றே வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது.

நான் ஆடிய ஆட்டத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். புந்தோங் டீக்கடையில், கோயில் கூட்டத்தில், பஸ் நிறுத்தத்தில், எங்கே நாலு பேர் நின்றாலும் இதே கதைதான். "மூணு தடவை ஒரே பதில எழுதினேன். மாத்தல. அவனுங்கதான் வழிக்கு வந்தானுங்க. இவனுங்ககிட்ட பிடிச்ச பிடிய விடக் கூடாது மச்சான்!" டீ ஆற்றுகிறவர்வரைக்கும் இதை மனப்பாடமாகச் சொல்லுவார். வீட்டில் சாரதா இருக்கும்போதும் சொன்னேன். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

5

ஆபரேஷனைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, மாமன் மகனுக்கு ஏமாற்றமாக இருக்கும். கண்ணைக் கழற்றவில்லை. ஊசி போட்டு மரத்துப்போக வைத்தார்கள். ஓரத்தில் கீறி, பழைய வில்லையை எடுத்து, கடல் தாண்டி வந்த வில்லையை வைத்துத் தைத்தார்கள். தலைக்கு மேலே டாக்டர் அம்மாள் நர்சிடம் கன்டனீஸ் சீனத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

கட்டைப் பிரித்ததும் முதலில் தெரிந்தது நீலம். அத்தனை வருஷம் மஞ்சளாகப் பார்த்த சுவர் நீலம் கலந்த வெள்ளையாக நின்றது. இரண்டாவது, பாக்கியத்தின் முகம். இவ்வளவு கோடு எப்போது விழுந்தது என்று கேட்க வாயெடுத்து, நல்லவேளை, அடக்கிக்கொண்டேன். மூன்றாவது, வீட்டில் எத்தனை ஒட்டடை என்பது. பார்வை திரும்பி வந்தால் உலகம் அழகாகத் தெரியும் என்று சொல்கிறவர்கள் யாரும் பலகை வீட்டில் குடியிருந்ததில்லை.

தையல் ஆறியதும் படிக்கிற கண்ணாடி தந்தார்கள். மெல்லியது, சட்டைப் பையில் கிடப்பதே தெரியாது. சான்றிதழ் கொடுத்தேன், இன்ஸ்பெக்டர் வந்து, அவர் திறந்த பாடத்தையே நான் வாசித்ததைக் கேட்டுவிட்டுப் போனார். வேலை தப்பியது. இதற்குள் சாரதா தஞ்சோங் மாலிமில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்குப் போய்விட்டாள். மலாய் சொல்லிக் கொடுக்கிற ஆசிரியையாக வரப்போகிறாளாம். தமிழாசிரியன் மகள்! அதையும் டீக்கடையில் சொல்லிக் குமைந்தேன்.

இரண்டாவது கண்ணும் ஆறிய பிறகு, விடுப்பு நாட்களைச் சரிபார்க்க ஃபைலை எடுத்தேன். மடித்துச் செருகிய அந்தப் பிரதி விழுந்தது. நம் வெற்றிச் சின்னமாயிற்றே, கண் குளிரப் பார்ப்போம் என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரித்தேன்.

சாரதாவின் உருண்டைக் கையெழுத்து. அந்தக் கேள்விக்கு எதிரே, கோடு எதுவும் போடாமல், அமைதியாக: ரபூன் டெக்கட்.

முதலில் கோபம்தான் வந்தது. பிறகு பள்ளிக்கூட அலமாரியிலிருந்த மலாய் அகராதியைத் தேடி எடுத்தேன். ரபூன் என்றால் பார்வை என்று அர்த்தம் இல்லை. மங்கல். ரபூன் ஜாவ் என்றால் தூரம் மங்கல், அதாவது நம் கிட்டப்பார்வை. ரபூன் டெக்கட் என்றால் கிட்டே மங்கல், நம் தூரப்பார்வை. தமிழில் நாம் எது தெரிகிறதோ அதை வைத்துக் கோளாறுக்குப் பெயர் வைத்திருக்கிறோம். மலாயில் எது தெரியவில்லையோ அதை வைத்துப் பெயர். முப்பது வருஷம் இந்த நாட்டில் இருந்துகொண்டு, எனக்குத் தூரம் தெரியவில்லை என்று அரசாங்கத்துக்கு இரண்டு முறை எழுதி, கோடும் போட்டு, கடிகாரத்தையும் வாசித்துக் காட்டியிருக்கிறேன். அந்த முக்காட்டுப் பெண் எவ்வளவு பொறுமையாகக் கேட்டாள்! கழுதை யார் என்பது அந்த அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது.

போராங்கின் அடியில் அச்சிட்டிருந்தது: 'மேலே கூறியவை அனைத்தும் உண்மை என்று நான் உறுதி கூறுகிறேன்.' அதற்குக் கீழே என் கையெழுத்து.

6

கல்லூரி விடுமுறைக்குச் சாரதா வந்தபோது அந்தத் தாளை அவள் முன் வைத்தேன்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"சொன்னேன்லா. நீங்கதான் கேக்கல."

"அப்புறமாவது சொல்லியிருக்கலாமே. ஊரெல்லாம் நான் பேசிக்கிட்டுத் திரிஞ்சேனே."

அவள் தோளைக் குலுக்கினாள். "கண்ணு தெரிஞ்சா நீங்களே படிச்சிக்குவீங்கன்னு விட்டுட்டேன்."

தாளை எடுத்து மடித்து மறுபடி ஃபைலில் செருகினேன். வாய் வலிக்கப் பேசியே பிழைத்த நான் இப்படி அடங்கியது பாக்கியத்துக்கே அதிசயம். அடுப்பைக்கூட மறந்து நின்றாள். வெட்கமாக இருந்தது. பொய்யாக வேறு எதையாவது சொல்லி மழுப்புவானேன்.

அவள் திரும்பிப் போன பிறகு, போன மாதம், ஒரு காரியம் செய்தேன். உட்கார்ந்து அவளுக்கு மலாயில் ஒரு கடிதம் எழுதினேன், என் வாழ்நாளில் முதல் தடவையாக. கண் நன்றாக இருக்கிறது, அம்மா நலம், அந்த அலுவலகத்துக்குப் போய் முக்காட்டுப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன், அவளுக்கு என்னை நினைவிருக்கிறது, சிரித்தாள். இவ்வளவுதான், ஒரு பக்கம். கூடவே ஒரு சிவப்புப் பேனாவையும் உறையில் போட்டு, பிழை இருந்தால் திருத்தித் திருப்பி அனுப்பு என்று தமிழில் குறிப்பு வைத்தேன்.

நேற்று திரும்பி வந்தது. மாமன் மகனுக்குப் பதில் எழுத உட்கார்ந்தவன் அதை எடுத்து வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். (கண்ணாடியை அனுப்பப் போவதில்லை, மச்சான். அத்தையை ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போ.) ஒரு பக்கத்தில் பதினேழு திருத்தம். 'மன்னிப்பு' என்று நான் எழுதிய சொல்லையே அடித்து வேறு சொல் போட்டிருக்கிறாள். நான் எழுதியதற்கு என்ன அர்த்தமோ, கேட்கப் பயமாக இருக்கிறது. கடைசியில், நான் கையெழுத்துப் போட்ட இடத்துக்குக் கீழே, தமிழில் ஒரே ஒரு வரி. பன்னிரண்டு வயசுக்குப் பிறகு அவள் எனக்குத் தமிழில் எழுதிய முதல் வரி.

'இன்னும் முயர்ச்சி தேவை.'

இந்த மெல்லிய கண்ணாடியில் எல்லாம் பளிச்சென்று தெரிகிறது. அங்கே வர வேண்டியது ற. நான் திருத்தப் போவதில்லை.